மழைக்கு முன்னே மலைத்தோட்டத் துப்புரவு

 

குளிர்நாட்டுப் பயிர்த்தொழிலாளர் ஆண்டுதோறும் தவறாமல் செய்யும் வேலை ஒன்று உண்டு. பனிக்காலம் தொடங்குமுன் அவர்கள் தங்கள் கண்ணாடிக் குடில்களை வெறுமையாக்கிக் கழுவித் துடைப்பார்கள். வெளியே உறைபனி விழுந்தால் பூச்சிகளில் பெரும்பகுதி மடிந்துபோகும். ஆனால், குடிலுக்குள் கதகதப்பு இருக்கும். அங்கே கிடக்கும் சருகிலும் பழைய தொட்டியிலும் ஒதுங்கிக்கொள்ளும் பூச்சியும் பூஞ்சணமும் பிழைத்துக்கொள்ளும். அடுத்த வசந்தத்தில் புதுப் பயிரை முதலில் தாக்குபவை அவையே. ஆகவேதான் அந்தத் துப்புரவு.

நம் நாட்டிலோ குளிர்காலமே இல்லை. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள கேமரன் மலையில், 1978ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பதிவான 7.8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையை நாட்டிலேயே மிகக் குறைந்த அளவாகக் கூறுவர். நீர் உறைவதற்கு அந்தக் குளிர் போதாது. நம் மண்ணில் பூச்சிக்கு ஓய்வு நாள் இல்லை. பூஞ்சணத்துக்கு உறக்கம் இல்லை. களைக்கு விடுமுறை இல்லை. குளிர்நாட்டில் உறைபனி செய்து கொடுக்கும் வேலையை நம் நாட்டில் துடைப்பமும் மண்வெட்டியும் வாளியும்தான் செய்தாக வேண்டும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது நலம் என்பதை நாம் இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

ரப்பர் மரத்தடியில் வாழ்பவர்களுக்குத் தேயிலைத் தோட்டத்துச் செய்தி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ரப்பர்த் தோட்டத்திலும் நாற்றங்கால் உண்டு, வடிகால் உண்டு, மருந்துத் தகரம் உண்டு. மலையில் ஒரு மழைக்காலத்தில் வெளிப்படும் பிழை, தாழ்நிலத்தில் பல ஆண்டுகள் மறைந்திருந்து பின்னர் வெளிப்படும். வேறுபாடு அவ்வளவே.

கேமரன் மலையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அந்த மலைப்பகுதியைக் கண்டு குறித்தார். 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்த பிறகே அதை வளர்ச்சிக்குத் திறந்துவிடும் எண்ணம் உறுதிப்பட்டது. தானா ராத்தாவில் அரசாங்கம் பயிராராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவியது. 1929இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார்; ஹாபுவில் முதல் தோட்டம் எழுந்தது. தாப்பாவிலிருந்து மலைப்பாதை 1931இல் திறக்கப்பட்டது. 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் பிறந்தது. காட்டை அழித்துச் சரிவுகளில் தேயிலைச் செடியை ஊன்றியவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள் பெருந்தொகையினர். இன்று கொழுந்து பறிக்கும் வேலையைப் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். எனினும் ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் நம் மக்களின் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன.

அந்த மலையில் ஆண்டுக்கு இரண்டு முறை மழை உச்சத்தை எட்டும். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றொன்று. இரண்டாவதே கடுமையானது. ஆகவே குளிர்நாட்டாருக்குப் பனி எப்படியோ, மலைத் தோட்டத்தாருக்கு ஐப்பசி, கார்த்திகை மழை அப்படி. செப்டம்பர் மாதத்துக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். மழை விழத் தொடங்கிய பிறகு மண்வெட்டியைத் தேடுவது பயன் தராது.

நாற்றங்காலில் செய்ய வேண்டியவை

முதலில் தேயிலை நாற்றங்காலுக்குச் செல்வோம். தேயிலையை விதையிட்டும் வளர்க்கலாம். நல்ல தாய்ச்செடியிலிருந்து ஒற்றை இலையோடு சிறு துண்டு தண்டை நறுக்கி, மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் ஊன்றியும் வளர்க்கலாம். இப்படி ஊன்றிய துண்டு வேர் பிடிக்க மூன்று மாதம் ஆகும். நடவுக்குத் தயாராக ஓராண்டு வரை ஆகலாம். அந்தக் காலமெல்லாம் அது நிழலிலும் ஈரத்திலும் இருக்கிறது. செடிக்குத் தேவையான நிழலும் ஈரமும் பூஞ்சணத்துக்கும் விருந்தே. ஆகையால் ஒரு பையில் தொடங்கும் அழுகல் ஒரு பாத்தி முழுவதையும் கொண்டுபோக நெடுநாள் வேண்டாம்.

நாற்றங்கால் துப்புரவில் முதல் வேலை, செத்ததையும் நோயுற்றதையும் வெளியேற்றுவது. கருகிய துண்டு, உதிர்ந்த இலை, வேர் பிடிக்காத பை ஆகியவற்றைப் பாத்தியின் ஓரத்தில் குவித்து வைத்தால் அதற்குத் துப்புரவு என்று பெயரில்லை. அங்கிருந்தே நோய் திரும்பி வரும். அவற்றை நாற்றங்காலுக்கும் நீரோடைக்கும் தொலைவில், நீர் தேங்காத மேட்டில் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். நோய் கண்ட பையின் மண்ணை வேறு பைக்கு மாற்றி நிரப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மண் மிச்சப்படும் என்பது உண்மை. நோயும் மிச்சப்படும் என்பதை மறந்துவிடுகிறோம்.

கண்ணுக்குத் தெரியாத வேர்ப் புழுக்களுக்குத் தென்னிந்தியத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பையில் நிரப்புமுன் மண்ணைத் தகரத்தட்டில் பரப்பி, 60 முதல் 62 டிகிரி வரை சூடேற்றி ஆற விடுகிறார்கள். புழு மடிந்துவிடும். சூடு இதற்கு மேல் போகலாகாது. மண்ணில் உள்ள நல்ல உயிர்களும் செத்து, மண் வெறும் புழுதியாகிவிடும். கைக்கணக்கில் செய்யாமல் வெப்பமானியை வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்து, பாத்திகளுக்கு இடையே உள்ள வாய்க்கால். ஆண்டு முழுவதும் பையிலிருந்து கரைந்து வந்த மண் அதில் படிந்து மேடிட்டிருக்கும். அதை அள்ளி எடுக்காவிட்டால் அக்டோபர் மழையில் நீர் பாத்திக்குள் ஏறிப் பையின் அடியில் நிற்கும். தேயிலையின் வேர் நீரில் நிற்கப் பொறுக்காது. பைகளின் மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தால், தண்ணீர் அளவுக்கு மேல் ஊற்றப்படுகிறது என்று மண் நமக்குச் சொல்கிறது என்று பொருள். பாசியைச் சுரண்டி எடுப்பதோடு, ஊற்றும் அளவையும் குறைக்க வேண்டும்.

தேயிலைக்கென்று ஒரு தனி எச்சரிக்கை உண்டு. தேயிலைச் செடி புளிப்பு மண்ணில் வாழ்வது. சுண்ணாம்பும் சாம்பலும் அதற்குப் பகை. வீட்டுத் தோட்டத்தில் கத்தரிக்கும் வெண்டைக்கும் அடுப்புச் சாம்பலைத் தூவிப் பழகிய கை, துப்புரவு என்ற பெயரில் தேயிலைப் பாத்தியிலும் தூவிவிடும். அவ்வாறு செய்யலாகாது. வெளுப்புத் தூளிலும் சுண்ணாம்புச் சத்து இருப்பதால், கருவிகளைக் கழுவிய அந்த நீரையும் பாத்தியில் கொட்டலாகாது.

பிளாஸ்டிக் கூரையின் கீழே

கம்போங் ராஜா, கோலா தெர்லா, பெர்த்தாம் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களுக்குச் சென்றவர்கள், மலைச்சரிவெங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகளைக் கண்டிருப்பார்கள். தக்காளி, மிளகாய், ஸ்ட்ராபெரி, செவ்வந்திப்பூ முதலியன அவற்றின் கீழே வளர்கின்றன. குளிர்நாட்டுக் கண்ணாடிக் குடில் பயிருக்குப் போர்வை போன்றது. கேமரன் மலையின் குடிலோ பயிருக்குக் குடை. வெப்பத்தைக் காப்பதற்காக அன்று, மழையைத் தடுப்பதற்காகவே அங்குக் கூரை போடுகிறார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இத்தகைய குடில்களைத் துப்புரவு செய்வதில் வரிசைமுறைதான் முக்கியம். முதலில் பழைய பயிரை வேரோடு பிடுங்கி வெளியேற்ற வேண்டும், களையையும் அப்படியே. கட்டிய கயிறு, ஊன்றிய கோல், சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றை எடுத்து வெளியில் வைத்துக் கழுவ வேண்டும். அதன் பின் கூரையையும் தூண்களையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். கூரையில் பாசியும் தூசியும் படிந்தால் பயிருக்கு வெளிச்சம் குறையும். முகில் மூடிய மழை மாதங்களில் அந்த வெளிச்சம் மிகவும் தேவை. இவை எல்லாம் முடிந்த பிறகே கிருமிகொல்லி மருந்து. வீட்டில் புழங்கும் வெளுப்புநீரில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கத்தி, தொட்டி, தட்டு ஆகியவற்றைப் பத்து நிமிடம் ஊறவைத்து, நல்ல நீரில் அலசினால் போதும். அழுக்கின் மேல் அதை ஊற்றினால் மருந்தின் வலிமையெல்லாம் அழுக்கிலேயே செலவாகிவிடும், கிருமி உயிரோடிருக்கும். கழுவாமல் மருந்தடிப்பது காசைக் கரைப்பதே. நேற்றுக் கலந்த கரைசல் இன்றைக்கு உதவாது என்பதையும் சொல்லி வைப்போம்.

தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென வாடித் தொங்கினால், தண்டின் அடிப்பகுதியை நறுக்கி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற நூல் இழை தண்டிலிருந்து கீழே இறங்குமானால், அது கிருமி வாடல் நோய். அந்தச் செடியை மண்ணோடு பெயர்த்தெடுக்க வேண்டும். அந்த இடத்தில் தொட்ட கத்தியைக் கழுவாமல் அடுத்த செடியைத் தொடக்கூடாது. முட்டைக்கோசின் வேர் வீங்கி முண்டும் முடிச்சுமாகும் நோய் மற்றொன்று. அதன் வித்து மண்ணில் பத்தாண்டுக்கு மேலும் உயிர் வாழும். அது காலணியில் ஒட்டிய சேற்றோடும் வண்டிச் சக்கரத்தோடும் ஊர் விட்டு ஊர் போகிறது. குடிலின் வாயிலில் ஒரு தொட்டி நீரும் ஒரு தேய்ப்புக் கட்டையும் வைத்துக் காலணியைக் கழுவி உள்ளே போவது சிறு வேலைதான். பத்தாண்டு நிலத்தை இழப்பதோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

துடைப்பத்துக்கு அடங்காதவை

துப்புரவு எல்லா நோயையும் தீர்க்கும் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது பொய். காற்றில் வரும் நோயைத் துடைப்பம் தடுக்காது. தேயிலையின் கொப்புள நோய் 1868இல் அஸ்ஸாமில் அறியப்பட்டது. 1946இல் அது தென்னிந்தியாவையும் இலங்கையையும் எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமத்திராவுக்கும் மலாயாவுக்கும் பரவியது. கண்ணுக்குத் தெரியாத அதன் வித்துகளைக் காற்று சுமக்கிறது. இளங்கொழுந்து நெடுநேரம் நனைந்திருந்தால் அது பற்றிக்கொள்ளும். நல்ல வெயில் பட்டால் வித்து செத்துவிடும். ஆகவே அங்கே பயன்படுவது கூட்டிப் பெருக்குவது அன்று. நிழல் மரத்தின் கிளையை மழைக்கு முன் கழித்து வெயிலையும் காற்றையும் உள்ளே விடுவதும், கொழுந்தை நாள் தள்ளாமல் பறிப்பதும், தேவைப்பட்டால் செம்பு கலந்த மருந்தை அடிப்பதுமே.

இலங்கையில் 1869இல் காப்பிச் செடியைத் துரு நோய் தாக்கிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கலாம். ஒரே பயிரை மலை மலையாக நட்டிருந்தார்கள். துரு ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குத் தடையின்றிப் பாய்ந்தது. மார்ஷல் வார்டு என்ற ஆராய்ச்சியாளர் 1880இல் வந்து, காற்றில் அது பரவுவதை விளக்குவதற்குள் காலம் கடந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கைக் காப்பித்தொழில் சரிந்து, மலைகள் தேயிலைக்கு மாறின. காப்பியை இழந்த துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்து இங்கும் காப்பியை நட்டு, பின்னர் ரப்பருக்குத் திரும்பினர். ஓர் இலையின் அடியில் தோன்றிய மஞ்சள் பொடிக்கும், நம் பாட்டன்மார் கப்பலேறிப் பினாங்குத் துறையில் இறங்கியதற்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

துப்புரவு என்றால் தரையை மொட்டையாக்குவது என்று எண்ணுவதும் தவறு. ரப்பர்த் தோட்டங்களில் தொடக்க காலத்தில் ஒரு புல்கூட இராதபடி சுரண்டி வைப்பதையே நல்ல வேலை என்று துரைமார் போற்றினர். நம் பாட்டிமார் குனிந்த முதுகு நிமிராமல் அந்தப் புல்லைச் சுரண்டினர். விளைவு, மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போயிற்று. பின்னர்தான் மண்ணை மூடும் அவரையினக் கொடிகளை மரவரிசைகளுக்கு இடையே வளர்க்கும் முறை வந்தது. மலைச் சரிவில் இந்த உண்மை இன்னும் கூர்மையானது. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய குச்சியும் இலையும் நோயற்றவையாயின், அவற்றை அகற்றாமல் வரிசைகளுக்கு இடையே பரப்பிவிட வேண்டும். மழைத்துளியின் அடியை அவை தாங்கிக்கொள்ளும். நாற்றங்காலில் சருகு குப்பை. சரிவில் அதே சருகு போர்வை.

வடிகாலும் ஆறும்

இனி, இந்தப் பேச்சின் மிக முக்கியமான பகுதிக்கு வருவோம். குடிலின் கூரை மழைக்குக் குடை என்றோம். குடையில் விழுந்த நீர் எங்கே போகும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் கூரையில் ஒரு மாலைப் பொழுதில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர் நீர் வழியும். காடாக இருந்தபோது இலையும் வேரும் மண்ணும் அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்து மெல்ல விட்டன. கூரை ஒரு துளியையும் பிடித்துவைப்பதில்லை. அத்தனையும் சில நிமிடங்களில் வடிகாலுக்கு வருகிறது. அந்த வடிகாலில் கிழிந்த பிளாஸ்டிக் கூரை, உரச்சாக்கு, பழைய நாற்றுப் பை, அழுகிய கோசு இலை ஆகியவை அடைத்துக்கொண்டிருந்தால் நீர் கரையை உடைத்துக்கொண்டு சரிவைக் கரைத்துக்கொண்டு இறங்கும்.

கேமரன் மலையின் நீர் பெர்த்தாம், தெலோம், லெமோய் என்னும் மூன்று ஆறுகளில் ஓடுகிறது. பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே ரிங்லெட்டில் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை 1963 முதல் மின் உற்பத்திக்கு உதவி வருகிறது. மேலே தோட்டங்களிலிருந்தும் வெட்டப்பட்ட சரிவுகளிலிருந்தும் கரைந்து வரும் மண் அந்த நீர்த்தேக்கத்தில் ஆண்டுக்கு ஆண்டு படிகிறது. மண் நிரம்பும் அளவுக்கு நீருக்கு இடம் குறைகிறது. அள்ளி அள்ளி எடுத்தாலும் மண் வந்துகொண்டே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பின்னிரவில், கனமழையால் நீர்மட்டம் உயர்ந்து அணை திறக்கப்பட்டபோது, அணைக்குக் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு கலந்த வெள்ளம் புகுந்தது. உறங்கிக்கொண்டிருந்த மக்கள் உயிரிழந்தனர். வீடுகளும் வண்டிகளும் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த ஆண்டு நவம்பரில் மீண்டும் சேற்று வெள்ளம். மீண்டும் உயிர்ச் சேதம். அதன் பின்னரே அனுமதியின்றிக் காட்டை வெட்டிய நிலங்களின் மேல் அரசாங்கம் பெரிய அளவில் நடவடிக்கை எடுத்தது.

ஒரு தொழிலாளி வடிகாலில் எறிந்த உரச்சாக்கினால்தான் அந்தச் சாவுகள் நேர்ந்தன என்று சொல்வது நியாயமாகாது. சட்டத்தை மீறி மலையை வெட்டியவர்களின் பொறுப்பு வேறு. கூலிக்கு வேலை செய்பவரின் பொறுப்பு வேறு. ஆயினும் அடைபட்ட வடிகால் முதலில் யார் வீட்டில் நீரை ஏற்றுகிறது? மேட்டில் இருக்கும் பங்களாவில் அன்று. ஆற்றோரத்துக் குடிசையிலும் லயத்திலும்தான். ஆற்று நீரை நம்பி வாழும் செமாய் பழங்குடி மக்களின் குடியிருப்பிலும்தான். இதனால்தான் செப்டம்பரில் வடிகால் தூர் வாருவதை நாம் தோட்டத்து வேலையாக மட்டும் பார்க்கவில்லை. தூரை வாரும்போது, வாரிய மண்ணை வடிகாலின் கரையிலேயே குவிப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். முதல் மழையில் அது மீண்டும் உள்ளே போய்விடும். பழைய பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் கட்டி மழைபடாத இடத்தில் வைத்துக் குப்பை வண்டியில் ஏற்ற வேண்டும். திறந்த வெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்படி குற்றம். அதன் புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கும் கேடு.

நம் தோட்டத்துக்குத் திரும்பினால்

ரப்பர்த் தோட்டத்தில் இந்த வேலைக்கு உரிய காலம் எது? மரம் இலையுதிர்ப்பது ஆண்டின் முதல் மூன்று மாதங்களில். பால் குறைந்து, நம் வருமானமும் குறையும் காலம் அது. உதிர்ந்த பின் துளிர்க்கும் செம்பு நிறத் தளிரைத்தான் வெண்சாம்பல் நோய் பிடிக்கிறது. காற்றில் வரும் நோயாகையால் அதைக் கூட்டிப் பெருக்கித் தடுக்க இயலாது. ஆனால் மறுநடவு நிலத்தில் வெள்ளை வேர் நோய் அப்படியன்று. வெட்டிய பழைய மரத்தின் கட்டையிலும் புதைந்த வேரிலும் அது காத்திருந்து, புதுக் கன்றின் வேர் தொட்டவுடன் பற்றும். கட்டையைப் பெயர்த்து அகற்றாமல், மேலே கொடி படர்ந்து அழகாகத் தெரிகிறதென்று நடவு செய்தால், மூன்று நான்கு ஆண்டுகளில் வரிசை வரிசையாகக் கன்று சாயும். கன்று சாய்ந்தால் பால் வெட்டுக்கு மரம் குறையும். மரம் குறைந்தால் வேலை குறையும். இது முதலாளியின் நட்டம் மட்டுமன்று.

பால் வெட்டு நிற்கும் நாட்களில் மங்குகளைக் கவிழ்த்து வைப்பதை மறக்கலாகாது. நாற்றங்காலில் கிடக்கும் காலிப் பைகளும் அப்படியே. ஒரு மங்கில் தேங்கிய மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏறத்தாழ பத்து நாளில் கொசுவாகப் பறந்து லயத்துக்கு வரும். கொசு வளர இடமளிப்பதற்கு 1975 முதல் சட்டப்படியான தண்டனையும் உண்டு. குவியலைக் கிளறும்போது வெறுங்கையால் கிளற வேண்டாம். எலியின் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிரைக் குடிக்கக் கூடியது, பழைய பிளாஸ்டிக்கின் அடியில் பாம்பும் படுத்திருக்கும்.

மருந்துத் தகரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காலியானதை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிக்கும் தொட்டியிலேயே ஊற்றி, தகரத்தைத் துளையிட்டு ஒப்படைக்க வேண்டும். குடிநீர் பிடிக்க அதை வீட்டுக்குக் கொண்டு போகலாகாது. பராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. கிடங்கின் மூலையில் பழைய கலன் ஏதேனும் துப்புரவின்போது அகப்பட்டால், அதைப் பயன்படுத்தவோ தரையில் ஊற்றவோ கூடாது. நிர்வாகத்திடம் தெரிவித்து விவசாய இலாகாவின் அறிவுரையைப் பெற வேண்டும். கையுறை, காலணி, முகமூடி ஆகியவற்றுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யலாமா என்று பல தோட்டங்களில் கேட்கிறார்கள். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி முதலாளி வழங்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. துப்புரவு நாளும் வேலை நாளே. அதை ஓய்வு நேரத்துச் சேவையாகக் கேட்பது முறையன்று என்பது நம் கருத்து.

இன்னும் ஒன்று, ரப்பர்த் தோட்டத்துக்கே உரியது. பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலம் நம் கொட்டகையில் எப்போதும் இருக்கிறது. வெளுப்புநீரோ வெளுப்புத் தூளோ அந்த அமிலத்தோடு கலந்தால் மூச்சைத் திணற வைக்கும் நச்சு வாயு கிளம்பும். அமிலம் புழங்கிய வாளி கழுவிய வாளி போலவே தோன்றும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. ஆகவே மங்கும் கத்தியும் கழுவத் தனி வாளி, அமிலத்துக்குத் தனி வாளி என்று வைத்து, எழுத்தறியாதவரும் அறியும்படி ஒன்றுக்குச் சிவப்பு, மற்றொன்றுக்கு நீலம் என வண்ணம் பூசிவிடுங்கள். அமிலச் சாடியும் வெளுப்புத் தூளும் ஒரே அலமாரியில் இருந்தால் இன்றே ஒன்றை வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.